ரெண்டு முழக் கத்தி

பதினாலாயிரத்து இருநூற்று எண்பது. ஏழெட்டு மாதமாக மலையாண்டிக்கு அதுதான் பெயர்.

பெயர் வைத்தவர் சிம்மக்கல்லில் பழ மண்டி வைத்திருக்கும் பீமாராவ். மண்டிக்கு வந்துபோகிற தள்ளுவண்டிக்காரர்களில் ஒருத்தன் பெயரும் அவர் மண்டையில் நிற்காது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது மட்டும் நாக்கு நுனியில் நிற்கும். பாக்கி இல்லாதவன் அவருக்குத் "தம்பி". பாக்கி உள்ளவனைத் தொகையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"ஏ மூவாயிரத்து எழுநூறு, அந்தக் கொய்யாக் கூடையை அங்கிட்டு நகட்டு."

"பதினாலாயிரத்து இருநூத்தி எண்பது வந்திருச்சா? அதுக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா."

குரலில் கோபம் இருக்காது. டீயும் நிஜமாகவே வரும். அதனால் மனுசனை மனசார வையக்கூட முடியவில்லை.

போன ஆடியில் சீசனின் கடைசிப் பழம் என்று மலையாண்டி ஒரு டெம்போ பலாப்பழத்தைக் கடனுக்கு இறக்கினான். எந்த ஆடியிலும் பெய்யாத மழையெல்லாம் அந்த வாரம் பெய்தது. மழையில் பலாச்சுளை தின்ன யார் வருவார்? பழம் வண்டியிலேயே வெடித்து, ஈ மொய்த்து, கடைசியில் மாட்டுக்குப் போனது. இருபதாயிரத்துச் சொச்சமாக இருந்த கடனை மண்டியிலேயே மூட்டை தூக்கிக் கழித்துக் கார்த்திகையில் இந்த அளவுக்குக் கொண்டுவந்தான். அதற்குப் பிறகு பெயர் சுருங்கவே இல்லை. இந்த வருசம் சீசன் தொடங்கியும் பீமாராவ் காசுக்குத்தான் பழம் கொடுத்தார். கையில் இருக்கிற காசுக்கு ரெண்டு பழம், மிஞ்சிப்போனால் மூணு.

மலையாண்டிக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. பழகாதது அவன் பெண்டாட்டி பாண்டிமீனாவுக்குத்தான். மண்டிக்கு எதிர் முக்கில் மல்லிகைப் பூக்கூடை வைத்து உட்கார்ந்திருப்பவள் அவள். விடிந்ததும் முதல் போணிக்கு முன்னால் காதில் விழுவது அந்தத் தொகைதான். ஒருநாள் டீக்கடைக்காரன் கிளாசை நீட்டிக்கொண்டு, "பதினாலாயிரத்தோட சம்சாரத்துக்குச் சக்கரை கம்மி" என்றான். அன்றைக்கு அவள் டீ குடிக்கவில்லை.

"தாலி கட்டுனப்ப எனக்கு மலையாண்டிண்டுதான் சொன்னாங்க" என்றாள் ராத்திரி புருசனிடம். "இப்பக் கூப்பிடுற பேரு பத்திரிக்கையில இல்ல."

"கடனைக் குடுத்துட்டா பேரைத் திருப்பிக் குடுத்துருவாரு" என்றான் அவன். "அடகுதான வச்சிருக்கு."

பாண்டிமீனா லேசுப்பட்டவள் இல்லை. அவள் முழம் சிம்மக்கல் முழுக்கப் பேர்பெற்றது. ஊரில் முழம் என்றால் முழங்கை முட்டியில் தொடங்கி நடுவிரல் நுனியில் முடியும். அவளுக்கு முட்டிக்கு நாலு விரல் முன்னாலேயே தொடங்கி, உள்ளங்கை நடுவோடு முடிந்துவிடும். பூச்சரம் கைக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். "இது முழமாக்கா?" என்று யாராவது கேட்டால், "தலையில வச்சுட்டுப் போ தாயி, வெக்கையில நீளும்" என்பாள். தாவணி போட்ட காலத்திலிருந்து அளந்த கை. வேறு முழம் அந்தக் கைக்குத் தெரியாது.

ஆனியில் ஒரு புதன்கிழமை, வெள்ளனவே பீமாராவ் கூப்பிட்டார்.

"ஏ பதினாலாயிரத்து இருநூத்தி எண்பது. இங்கிட்டு வா, வேலை இருக்கு."

மலையாண்டி போய் நின்றான். எதிர் முக்கிலிருந்து பாண்டிமீனா காதை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஞாயித்துக்கிழமை திருநகர்ல என் தங்கச்சி மகளுக்குக் கல்யாண வரவேற்பு. ஆயிரத்து ஐநூறு இலை. இலைக்கு மூணு சுளை, தேன் ஊத்தி வைக்கணும். பண்ருட்டிப் பழம் அறுபது இறக்குறேன். வெட்டி, சுளை எடுத்துக் குடுக்கணும். சாயங்காலம் மூணு மணிக்கு அண்டா நெறைஞ்சிருக்கணும்."

"செஞ்சிருவோம் மொதலாளி."

"அவசரப்படாத. சுளை முழுசா இருக்கணும். கத்தி பட்டு ரெண்டாப் போன சுளை இலையில விழுந்துச்சு, மாப்ள வீட்டுக்காரங்க என்னைய ஒருமாதிரிப் பாப்பாங்க. ஒழுங்கா முடிச்சுக் குடு, உன் பாக்கி பூராவும் கழிஞ்சது."

"முடியாமப் போச்சுண்டா?"

"போச்சுண்டா என்ன, இப்பிடியே கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

மலையாண்டி தலையை ஆட்டிவிட்டு வந்தான். பூக்கூடைப் பக்கம் வந்ததும்தான் அவனுக்குக் கத்தி ஞாபகம் வந்தது.

கத்தி இல்லை. இருந்த நல்ல கத்தியைச் சித்திரையில் பாண்டிமீனாவின் தம்பி அழகுபாண்டி இரவல் வாங்கிப்போய்ச் சீமைக்கருவேல முள்ளை வெட்டினான். பலாப்பழத்துக்கான கத்தி மெல்லிசு. முள் தூரில் பட்டதும் பாதியில் ஒடிந்தது. ஒடிந்த துண்டைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, "பாதிதாங்க மாமா போச்சு" என்றான். அதிலிருந்து மலையாண்டி கடையில் வாங்கிய சின்னக் கத்தியை வைத்து ஒப்பேற்றுகிறான். பழத்தின் இந்தப் பக்கம் குத்தி, திருப்பி, அந்தப் பக்கம் குத்தி, நடுவில் ராவி ராவிப் பிளக்கவேண்டும். பழத்துக்குப் பத்துச் சுளையாவது வெட்டுப்படும். வண்டியில் விற்கும்போது வெட்டுப்பட்டதைக் கொசுறாகக் கொடுத்துவிடலாம். கல்யாணப் பந்திக்கு ஆகாது.

"உன் தம்பி ஒடிச்சது கத்தியை இல்ல" என்றான் மலையாண்டி. "என் பேரை."

"இந்தா, சும்மா அவனையே சொல்லாதய்யா. கத்திதான வேணும்? ஊர்ல இல்லாத கத்தியா?"

ஊரில் இல்லை. அன்று மத்தியானமும் மறுநாள் காலையும் மலையாண்டி தேடாத இரும்புக் கடை கிடையாது. எல்லாம் ஒரு சாண் கத்தி, வளைகிற தகடு, பிளாஸ்டிக் பிடி. ஒரு கடைக்காரர் கேட்டார்: "பண்ருட்டிப் பழத்தை ஒரே வெட்டுல பொளக்குற கத்தியா? யாருப்பா அந்தப் பண்ருட்டி, பங்காளியா?" ஆற்றோரம் உலை போட்டிருந்த ஒருத்தர் அருவாள் அடித்துத் தரலாம் என்றார். ஆனால் அருவாள் கனம். பழத்தைப் பிளக்காது, நசுக்கும். மெல்லிசாக நீளமாக அடிக்க அவரிடம் தகடு இல்லை. போகும்போது, "நீளமாக் கேக்குறே, ஆதார் கார்டு வச்சிருக்கியா?" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல ராம்கி பூ வாங்க வந்தான். பெரிய ஓட்டல் ஒன்றில் சமையல் மாஸ்டர். தினமும் பெண்டாட்டிக்கு ஒரு முழம் வாங்காமல் வீட்டுக்குப் போகமாட்டான். பாண்டிமீனா சரத்தை அளந்துகொண்டே கத்திக் கதையைச் சொன்னாள்.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா? நாகமலை புதுக்கோட்டையில ஆசீர்வாதம் அண்ணன் இருக்காருல்ல. எங்க கிச்சன் கத்தி பூராம் அவரு அடிச்சதுதான். எந்த ஊர்ல இருந்தெல்லாமோ ஓட்டல்காரங்க ஆர்டர் குடுத்து வாங்குறாங்க. கைக்கு அளவு குடுத்தா அதுக்குத் தக்கன அடிப்பாரு."

"நம்பரு இருக்கா?"

"இருக்கு. நீ குடுக்குற முழத்துக்கு அஞ்சு நம்பருதான் தரணும். போனாப் போகுது, பத்தையும் எழுதிக்க."

அவள் அங்கேயே பட்டன் போனில் அடித்தாள். எடுத்தது ஒரு பொம்பளைக் குரல். பின்னால் சாணைக் கல் இரைந்தது.

"ஆசீர்வாதம் அண்ணனுங்களா?"

"நான் அவரு வீட்டுக்காரி இன்னாசியம்மா. அவரு சாணையில நிக்கிறாரு. சொல்லுங்க."

"கத்தி ஒண்ணு வேணும்க்கா. சனிக்கிழமைக்குள்ள."

"எந்தச் சனிக்கிழமை? ஆடி முடியிற வரைக்கும் ஆர்டர் நெறைஞ்சு கெடக்கு தாயி."

"நாளைக் கழிச்சு சனிக்கிழமைக்கா."

அந்தப் பக்கம் இன்னாசியம்மா சிரித்தாள். பாண்டிமீனா விடவில்லை. கடன், மழை, பீமாராவ், டீக்கடைக்காரன், திருநகர்க் கல்யாணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். புருசனைத் தொகை சொல்லிக் கூப்பிடுகிற இடம் வந்ததும் இன்னாசியம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ சொல்வது கேட்டது. சாணை நின்றது. ஒரு ஆம்பளைக் குரல் விழுந்து விழுந்து சிரித்தது.

"அவரு செய்யிறேங்கிறாரு" என்றாள் இன்னாசியம்மா. "கத்திண்டா வரிசையில நிக்கணும், பேரை மீட்குறதுண்டா முன்னால விடலாமாம். எத்தனை இஞ்சு?"

"இஞ்செல்லாம் நமக்கு வராதுக்கா. ரெண்டு முழம் போட்டுக்கங்க."

"பிடி நீங்கலாவா?"

"பிடியோட."

"பிடியோட ரெண்டு முழம். பழம் அம்புட்டுப் பெருசா?"

"பண்ருட்டிப் பழம்க்கா. சின்னப்பய ஒருத்தன் படுத்துக் கெடக்குற மாதிரி இருக்கும்."

"அளவை நல்லா யோசிச்சுச் சொல்லு. அடிச்சுப் பதம் ஏத்துன பெறகு அப்பிடி இப்பிடிங்கக் கூடாது."

"நான் முழம் போடாத நாளு உண்டாக்கா?" என்றாள் பாண்டிமீனா. "என் பொழப்பே முழந்தான்."

ராம்கி தன் பூப்பொட்டலத்தை ஒரு தடவை பார்த்தான். அவன் போனிலிருந்தே ஐநூறு ரூபாய் முன்பணம் போனது. காசை அவள் பூவாகக் கழித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் பொட்டலத்தை இன்னொரு தடவை பார்த்தான்.

சனிக்கிழமை மத்தியானம் புருசனும் பெண்டாட்டியும் பஸ் ஏறினார்கள். வேலையை முன்னால் தள்ளிச் செய்கிறவரிடம் வெறும் கையோடு போகக்கூடாது என்று ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டி மலையாண்டி மடியில் வைத்திருந்தான். பழுத்த வாசனைக்குப் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பட்டறை மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே ரெண்டு மோட்டார் ஓடியது. சுவர் நெடுக வகைவகையாகக் கத்திகள், ஒவ்வொன்றிலும் ஊர்பேர் எழுதிய சீட்டு. ஆசீர்வாதம் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தார். நல்ல உயரம். கை முழங்காலைத் தொடும்போல இருந்தது. பாண்டிமீனா அந்தக் கையை ஒரு தடவையும் தன் கையை ஒரு தடவையும் பார்த்துக்கொண்டாள்.

"ரம்பத் தகடுல போட்டிருக்கேன்" என்றார் அவர். "மரமில்லுல கழிச்சது. மெல்லிசு, ஆனா மடங்காது."

உள்ளே போய் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஒரு கையில் பிடி இருந்தது. முனை அவருடைய இன்னொரு கைக்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருந்தது. கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று கீழே சாக்கில் வைத்தார். சாக்கு போதவில்லை.

மலையாண்டி அதை அடியிலிருந்து முனைவரை பார்த்தான்.

"அண்ணே, நாங்க கேட்டது பலாப்பழம் வெட்டண்ணே. பலா மரம் வெட்ட இல்ல."

"ரெண்டு முழம்ண்டு சொன்னாங்க."

"இது ரெண்டு முழமா?"

ஆசீர்வாதம் குனிந்து தன் முழங்கையைக் கத்திமேல் வைத்தார். ஒன்று. ரெண்டு. விரல் நுனியும் கத்தி நுனியும் சரியாக நின்றன.

"இப்ப நீ போடு தாயி" என்றாள் இன்னாசியம்மா.

பாண்டிமீனா உட்கார்ந்தாள். கத்திமேல் கையை வைத்ததும் விரல்கள் பழக்கத்தில் மடங்கின. ஒன்று போட்டாள், ரெண்டு போட்டாள், மூணு போட்டாள். இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

இன்னாசியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "உன்கிட்டப் பூ வாங்குறவ மொட்டை அடிச்சுக்கிறலாம். காசாவது மிஞ்சும்."

"ஊரை ஏய்ச்ச முழம் வீட்டுக்கு வந்திருச்சு பாத்தியா" என்றான் மலையாண்டி.

"ஆமா, ஏய்ச்சேன். அதுலதான இம்புட்டு நாளு சோறு தின்னே. என் தம்பி நீளத்தைக் குறைச்சாண்டு வைஞ்சே. நான் கூட்டுனா அதுக்கும் வைய்யி."

"குறைக்க முடியாதாண்ணே?" என்று அவன் ஆசீர்வாதத்தைக் கேட்டான்.

"திரும்பி உலையில போட்டு, வெட்டி, மறுபடி பதம் ஏத்தணும். நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும். அதுவும் ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுப் பூசைக்குப் போயிருவோம்." அவர் தாடையைத் தடவினார். "ஓட்டல்காரங்க கோக்குமாக்கா என்னென்னமோ கேப்பாங்க. எதுக்குண்டு கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. பழத்தை வரிசையா வச்சு வெட்டுவீங்க போலண்டு நெனச்சுட்டேன்."

மலையாண்டி கொண்டுவந்த பழத்தைச் சாக்கிலிருந்து எடுத்தான். பார்த்துவிடலாம் என்று பலகையில் கிடத்தி, கத்தியை நீளவாக்கில் வைத்து அமுக்கினான். அவன் பக்கம் இறங்கியது. அந்தப் பக்கம் முனை தூக்கிக்கொண்டு ஆடியது. இன்னொரு தடவை அமுக்கினான். பழம் உருண்டது.

"ஆட்டாதய்யா, யாரு மூஞ்சியிலயாவது இழுத்துரும்" என்று பாண்டிமீனா சாக்கைச் சுருட்டி முனைப்பக்கம் கத்தியின் முதுகில் வைத்து அழுத்திப் பிடித்தாள். கோபத்தில் கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள். அவன் இந்தப் பக்கம் அமுக்க, அவள் அந்தப் பக்கம் அமுக்க, கத்தி பழத்துக்குள் முழுசாக இறங்கிப் பலகையில் 'டொக்' என்று நின்றது. பழம் ரெண்டாக விழுந்தது. நடுத்தண்டு நேர்கோடாகப் பிளந்திருந்தது. சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாகச் சுளை.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். வெட்டுப்பட்டது மூணே மூணு.

"ஒருக்கா இன்னொரு பிடி போட்டுருவமா?" என்றார் ஆசீர்வாதம். "முனையைத் தட்டிட்டு, ரெண்டு துளை போட்டு ஆணி இறுக்கிட்டா ஆளுக்கு ஒரு பக்கம்."

பிடி போட அரைமணி நேரம் ஆனது. அதற்குள் இன்னாசியம்மா பிளந்த பழத்தைத் தட்டில் எடுத்துவைத்துக் காப்பியும் கொடுத்தாள். மீதிப் பணம் கொடுக்கும்போது பாண்டிமீனா தயங்கினாள்.

"இன்னிக்குச் சனிக்கிழமைக்கா. இரும்பு வாங்கக் கூடாதும்பாங்க."

"முன்பணம் குடுத்த அன்னிக்கே இரும்பை வாங்கிட்டே. இப்பக் குடுக்குறது ரெண்டாவது பிடிக்கு. அது வேப்பமரம்."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். கத்தியைச் சாக்கால் சுற்றி மேலே பூக்கட்டுகிற நாரால் வரிந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வந்து நின்றார்.

"என்னம்மா இது?"

"கத்திங்க."

"கத்திக்கு எதுக்கு ரெண்டு பிடி? வெட்டுறவனுக்கு ஒண்ணு, வெட்டு வாங்குறவனுக்கு ஒண்ணா?"

"புருசனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு" என்றான் மலையாண்டி.

"அப்ப யாரு வெட்டு வாங்குறது?"

"கடன்காரருங்க" என்றாள் பாண்டிமீனா. சொன்னபிறகுதான் சொன்னது சரியில்லை என்று பட்டு, பலாப்பழம், கல்யாணம் என்று விளக்கினாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, சிம்மக்கல் வரும்வரை இவர்கள் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் திருநகர்க் கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். சமையல் அடுப்புகளுக்குத் தள்ளித் தார்ப்பாய் கட்டியிருந்தது. அறுபது பழமும் குவிந்து கிடந்தன. சுளை எடுக்க முத்துத்தாயையும் இன்னும் ஐந்தாறு பூக்காரிகளையும் பாண்டிமீனா கூட்டி வந்திருந்தாள். எல்லோரும் முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டார்கள். பலாப்பால் ஒட்டினால் மூணு நாளைக்குப் போகாது. கத்திக்கும் எண்ணெய் தடவி, நீள பெஞ்சில் முதல் பழத்தைத் தூக்கி வைத்தார்கள்.

பீமாராவ் பட்டுவேட்டியோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கத்தியைப் பார்த்தார். கத்தியின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

முதல் பழம் சரியாக வரவில்லை. மூட்டை தூக்கின ஆள் மலையாண்டி. அவன் பக்கம் சட்டென்று இறங்கிவிட்டது. அவள் பக்கம் பின்தங்கியது. கத்தி சாய்ந்து சுளை சுளையாக அறுத்துக்கொண்டு போனது. ரெண்டாவது பழத்தில் அவன் மெதுவாக அமுக்க, அவள் முந்திக்கொண்டாள். பட்டறையில் கோபத்தில் தானாக வந்தது, இங்கே வேண்டுமென்று செய்தால் வரவில்லை.

பீமாராவ் எழுந்துவந்து வெட்டுப்பட்ட சுளையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். மூணாவது பழம் முடிந்ததும் வேட்டி மடிப்பைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்:

"பதினாலாயிரத்து இருநூத்தி எண்பது, இப்பிடியே போனா எனக்கு வயித்தாலதான் போகும்."

முத்துத்தாய் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாண்டிமீனாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால், கல்யாண வீட்டில். அவள் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு புருசனைப் பார்த்தாள்.

"அமுக்காதய்யா. ரம்பம் மாதிரி இழு. நீ இழுக்கயில நான் விடுறேன், நான் இழுக்கயில நீ விடு."

"எப்ப விடுறதுண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவரு வச்ச பேரு நீளமாத்தான இருக்கு. அதைச் சொல்லிக்கிட்டே இழு."

அவன் விளங்காமல் நின்றான். அவளே கத்தியைப் பழத்தின்மேல் வைத்தாள்.

"பதினாலாயிரத்து. சொல்லுய்யா."

"பதினாலாயிரத்து" என்று அவன் தன் பக்கம் இழுத்தான்.

"இருநூத்தி" என்று அவள் இழுத்தாள்.

"எண்பது" என்று ரெண்டு பேரும் சேர்ந்து அமுக்கினார்கள். 'டொக்'.

பழம் மலர்ந்து விழுந்தது. முத்துத்தாய் அரைப் பழத்தை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். "ஒண்ணுகூட வெட்டுப்படலைடி" என்றாள்.

அடுத்த பழம். பதினாலாயிரத்து, இருநூத்தி, எண்பது. அதற்கடுத்த பழம். சுளை எடுக்கிற பெண்கள் சுளையை மூடிய நார்ச்சடையைக் கிழித்துக்கொண்டே தாங்களும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். நாற்று நடும்போது குலவை மாதிரி அது தார்ப்பாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அடுப்பில் நின்ற சமையல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் கரண்டியால் சட்டியைத் தட்டித் தாளம் போட்டார். வெயில் ஏறியது. மலையாண்டியின் பனியன் நனைந்து ஒட்டியது. பாண்டிமீனாவின் உள்ளங்கை வேப்பம்பிடியில் உரசிச் சிவந்தது. பழத்தைத் தூக்கி வைக்க, எண்ணெய் தடவ, தொகையைச் சொல்ல, நடுத்தண்டைச் சீவி எறிய, மறுபடி தூக்கி வைக்க. நடுவில் யாரோ இட்லி ஊட்டிவிட்டார்கள். ரெண்டு பேரும் பிடியை விடாமலே தின்றார்கள்.

இருபது பழம் தாண்டியதும் அந்தத் தொகைக்குப் பொருள் போய்விட்டது. முப்பது தாண்டியதும் அது தொகை மாதிரியே இல்லை. முத்துத்தாய்க்குக் குரல் கட்டி, "பதினாலாத்து, நூத்தி, ம்ம்" என்று ஆக்கிவிட்டாள். கடைசிப் பத்துப் பழத்தில் எல்லோருக்கும் வெறும் "ஆத்து, நூத்தி, ம்ம்" தான். பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி இருந்தது.

மண்டபத்துக்குள் நாதஸ்வரக்காரர் சுருதி பார்க்க ஆரம்பித்தபோது கடைசிப் பழம் விழுந்தது. அண்டாக்கள் நிறைந்திருந்தன. மூணு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

பீமாராவ் நாற்காலியை விட்டு எழுந்தார். காலையில் அந்த முதல் மூணு பழத்துக்கு அப்புறம் அவர் வாயில் போட ஒரு வெட்டுச் சுளையும் கிடைக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, கரண்டியால் அண்டாவின் அடிவரை துழாவிப் பார்த்தார். அடுத்த அண்டாவையும் பார்த்தார். முழுச் சுளை, தேன் இல்லாமலே மின்னியது.

"சரி" என்றார். "கழிஞ்சது."

"பூராவுமா மொதலாளி?" என்று கேட்டாள் பாண்டிமீனா.

"பூராவும். பைசா பாக்கி இல்ல. நாளைக்கு மண்டிக்கு வா. எத்தனை பழம் வேணும்டாலும் கடனுக்கே எடுத்துக்க, பதி..."

பாதியில் வாய் திறந்தபடி நின்றது. கை காற்றில் எதையோ தேடியது.

"அது வந்து... என்ன பேரு சொன்னே உனக்கு?"

"நாங்க எப்பச் சொன்னோம், நீங்க எப்பக் கேட்டீங்க?" என்றாள் பாண்டிமீனா. "மலையாண்டி. அவங்கப்பா வச்சது. வட்டியில்லாத பேரு. கடனெல்லாம் வேணாம் மொதலாளி, காசுக்கே ரெண்டு பழம் குடுங்க, போதும்."

பீமாராவ் உதட்டுக்குள் அந்தப் பெயரை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சொல்லிப் பழகாத நாக்கு.

சக்கையை அள்ளிக் கொட்டி, எண்ணெயும் சோப்பும் போட்டுக் கை கழுவி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. பூக்காரிகள் முன்னால் போய்விட்டார்கள். மலையாண்டி ஒரு பிடியும் பாண்டிமீனா ஒரு பிடியுமாகச் சாக்குச் சுற்றிய கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு மண்டபத்து வாசலைத் தாண்டினார்கள். முன்னால் அவன். பின்னால் அவள். ரெண்டு பேருக்கும் கால் பின்னியது. எங்காவது உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் போல இருந்தது.

"மலையாண்டி."

பின்னாலிருந்து பீமாராவ்தான் கூப்பிட்டார். மலையாண்டி பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தான்.

"ஏப்பா மலையாண்டி, முதல் பந்தி போட்டாச்சு. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

அவன் திரும்பவில்லை. பாண்டிமீனா நின்று, பின்பக்கத்துப் பிடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். முன்னால் போனவன் தடுமாறி நின்றான்.

"என்ன புள்ள?"

"கூப்பிடுறாரு."

"யாரை?"

"உன்னையத்தான்யா" என்றாள்.